பெற்றோர் நாவில் முதற்சொல்

சொல்லாராய்வது நமக்குத் தொழில். அதனைக் காவல் நிலைய ஏட்டிலும் செய்ய வேண்டிய காலம் வந்தது.

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தினுள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அவள் அஞ்சி ஒடுங்கவில்லை, முறையிட்டாள். ஆனால் காவல்துறை பதிந்த முதல் தகவல் அறிக்கை, அவள் இன்னாள் என்று அறியத்தக்க விவரங்களோடு ஊரார் பார்வைக்குப் போயிற்று. அதே மாதம் 28இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதிகள் அறிக்கை கசிந்ததைக் கண்டித்ததோடு நில்லாமல், அதன் நடையையும் கண்டித்தனர். பாதிக்கப்பட்டவளையே நாணச் செய்யும் வாசகம் அது என்பது அவர்கள் கருத்து. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும், மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் புலனாய்வு செய்யவும் ஆணையிட்டனர். 2025 ஜூன் 2இல் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குறைந்தது 30 ஆண்டுகள் குறைப்பின்றிச் சிறையிருக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

நீதிமன்றம் நடைத் திறனாய்வு செய்தது கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் அந்த நடை காவல் நிலையத்தில் பிறந்ததன்று. நம் வீட்டுக் கூடத்தில் பிறந்து அங்கே போய்ச் சேர்ந்தது.

'கற்பழிப்பு' என்ற சொல்லை எடுத்துக் கொள்வோம். நெடுங்காலம் நம் நாளேடுகள் கூசாமல் எழுதிய சொல் இது. தொல்காப்பியத்தில் களவியலுக்குப் பின் கற்பியல் வருகிறது. அங்கே கற்பு என்பது மணந்து வாழும் வாழ்வு. பின்னாளில் அது பெண்ணின் ஒழுக்கமாகச் சுருங்கிற்று. ஒழுக்கம் உடையவரிடமே இருப்பது. அதை வேறொருவன் வந்து எவ்வாறு அழிப்பான்? குற்றம் அவனுடையது, அழிவு மட்டும் இவளுடையது என்று கூறும் இச்சொல்லைப் பொய்ச்சொல் என்றே கூறுவோம்.

அரபியில் இக்குற்றத்திற்கு இன்று வழங்கும் சொல் 'இக்திஸாப்'. அதன் வேர் 'கஸ்பு'. (காஃப் எழுத்தில் தொடங்கும் கஸ்பு சம்பாத்தியம், இது கைன் எழுத்தில் தொடங்குவது. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் மத்ரஸா மாணவர் பலர் தடுமாறுவர்.) பிறர் உடைமையை வலிந்து பறிப்பதே கஸ்பு. ஃபிக்ஹு நூல்களில் அதற்கெனத் தனிப் பாடமே உண்டு. பொறுப்பு முழுவதும் பறித்தவன் மீதே. உடையவனைப் பார்த்து, "அதை ஏன் அவன் கண்ணில் படும்படி வைத்தாய்?" என்று எந்த இமாமும் வினவவில்லை. பெண்ணை ஒரு பொருளோடு ஒப்பிடவில்லை. பறிகொடுத்த பொருளுக்குக் கிடைக்கும் நியாயமாவது அவளுக்குக் கிடைக்க வேண்டாமா என்றே கேட்கிறோம்.

அடுத்தது 'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்னும் மூதுரை. கன்னியின் மௌனம் அனுமதி என்று ஹதீஸிலேயே உள்ளதே என்பர். உண்டு; ஆனால் அது நிகாஹ் பற்றியது. அவளிடம் அனுமதி கேட்பது அங்கே கடமை. கேட்ட பின், தன் வலியின் முன் நாணத்தால் அமைதியாயிருப்பவளுக்குத் தரப்பட்ட சலுகையே அது. தந்தை தம் விருப்பத்திற்கு மாறாக மணமுடித்தார் என்று முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் அவர்களின் நிகாஹை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ரத்துச் செய்த செய்தி புகாரியில் இருக்கிறது. நிகாஹிலேயே பெண்ணின் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பென்றால், அச்சத்தால் நா எழாமல் நின்றவளின் மௌனத்தை அந்நியன் தனக்கு உரிமைச் சீட்டாக்குவது எங்ஙனம்?

நம் நாட்டுச் சட்டம் 2013 முதல் இதைத் தெளிவாக்கியுள்ளது: உடலால் எதிர்க்காதது மட்டுமே சம்மதமாகாது. புதுவையில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் பல. அங்கே படிக்கும் பிள்ளைகளும் உளர். அந்நாட்டுச் செனட் 2025 அக்டோபர் 29இல் நிறைவேற்றிய சட்டமும் மௌனத்திலிருந்து மட்டும் சம்மதத்தைப் பெற முடியாது என்கிறது; தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் கூறுகிறது. இதை மகளுக்குச் சொல்வதைவிட மகனுக்குச் சொல்வது அவசரம். பார்வையைத் தாழ்த்தும் கட்டளை சூரத்துந் நூரில் ஆண்களுக்கே முதலில் வருகிறது. நாமோ அடுத்த வசனத்தை மட்டும் ஓதிவிட்டுப் போகிறோம்.

பிறரைக் குறை கூறும் தகுதி நமக்கும் குறைவே. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, கல்லூரியிலிருந்து நடுங்கியபடி வந்த எம் மகள், பேருந்தில் ஒருவன் செய்ததைச் சொல்லத் தொடங்கினாள். "அந்தப் பேருந்தில் ஏன் ஏறினாய்?" என்றோம். அவள் வாய் மூடிக்கொண்டது. முழுவதையும் தன் தாயிடம் சொல்ல அவளுக்கு ஈராண்டு ஆயிற்று. எம்மிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஆகவே முதற்சொல் கேள்வியாக இருக்க வேண்டா. "நீ சொன்னது நல்லது, தவறு உன்னுடையதன்று" என்பது போதும். மகன் வந்து சொன்னாலும் அதுவே. ஆண் பிள்ளைக்கும் இது நேர்கிறது. உடுத்திய துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் கட்டணமின்றி உடனே சிகிச்சையளிக்கக் கடமைப்பட்டது. சில தடுப்பு மருந்துகள் 72 மணி நேரத்திற்குள் தொடங்கினாலே பயன் தரும். முறையீட்டை எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம். கல்லூரியின் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுதித் தரலாம். 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும். 18 வயது நிரம்பாதவராயின் காவல்துறைக்கு அறிவிப்பது சட்டக் கடமை. நிரம்பியவராயின் முறையிடுவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் விருப்பம் ஒருமுறை மீறப்பட்டது. ஊர் மானம் பேசி நாம் மறுமுறை மீறலாகாது.

சென்ற மாதம் முல்லா வீதியில் ஓர் அன்பர், மகளை விடுதிக்கு அனுப்பவே அச்சமாயிருக்கிறது, படிப்பை நிறுத்திவிடலாமா என்று வினவினார். அவளிடம் கேட்டீர்களா என்றோம். இல்லை என்றார். வீட்டுக்குப் போய்க் கேட்பதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.