நங்கூரத்தின் பிடி

சிறு பாய்ப்படகில் குடியேறும் புதியவர்கள் பாயைத்தான் முதலில் நேசிப்பார்கள். என் அன்பு நங்கூரத்துக்கு. படகே வீடானபின், இரவு முழுதும் நம்மைக் காப்பது மணலில் புதைந்த அந்த இரும்புதான்.

மன்னார்த் தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்கே நீண்டு தலைமன்னாரில் முடிகிறது. ஒருபுறம் பாக்கு நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. வாடை வீசும் மாதங்களில் தென்கரை ஒதுக்கம். சோளகம் எழுந்தால் வடகரை. எங்கே தங்கலாம் என்பதைக் கரையோர மீனவரிடம் கேட்டபின்பே நங்கூரத்தைத் தூக்கவேண்டும்.

நங்கூரம் வெறும் பாரத்தால் படகை நிறுத்துவதில்லை. இழுவை தரையோடு படுத்து வரும்போதுதான் அதன் அலகு மணலைக் கிழித்து இறங்கும். அதனால் படகின் முகப்பிலிருந்து கடலடிவரை உள்ள உயரத்தைப்போல் ஐந்து மடங்கு, காற்று கூடினால் ஏழு மடங்கு கயிறு விடவேண்டும். மூன்று மீற்றருக்குப் பதினைந்து மீற்றர்! நங்கூரத்தோடு சேர்ந்த சிறு சங்கிலி கயிற்றைத் தாழ்த்திப் பிடிக்கும். எவ்வளவு எளிய, எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு!

பிறகு கரையில் இரண்டு அடையாளம். வெளிச்சவீடு ஒன்று, 1914இல் தனுஷ்கோடிக் கப்பல் ஓடத்தொடங்கிய துறையின் பாலம் இன்னொன்று. படகு நங்கூரத்தைச் சுற்றித் திரும்புவது இயல்பு. காற்று மாறாமலே இரண்டும் விலகிக்கொண்டு போனால் நங்கூரம் இழுபடுகிறது; உடனே கயிறு கூட்டவேண்டும்.

கடற்புல் படர்ந்த இடத்தில் மட்டும் போடவேண்டாம். அலகு சரியாக இறங்காது. ஆவுளியா மேயும் புல்லும் வேரோடு பிய்ந்து வரும்.