வற்றிய ஊற்றும் நஞ்சூட்டிய ஊற்றும்: ழான் ழியோனோவின் புதினங்களில் மண்ணும் அச்சமும்

முன்னுரை

வட்டாரப் புதினம் ஒன்றைப் பாராட்டத் தமிழ்த் திறனாய்வில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் 'மண்வாசனை'. ஒரு நிலப்பகுதியின் பேச்சும் தொழிலும் பயிரும் சடங்கும் படைப்பில் உயிரோடு வந்து சேரும்போது அச்சொல்லைப் பயன்படுத்துகிறோம். அச்சொல்லுக்குள் ஒரு முன்முடிவும் உறைந்திருக்கிறது: மண் நல்லது, மண்ணோடு ஒன்றி வாழ்பவரும் நல்லவர். பிரெஞ்சுப் புதின ஆசிரியர் ழான் ழியோனோவின் (1895–1970) படைப்புகளைக் கொண்டு அம்முன்முடிவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

ழியோனோவின் எழுத்தை இரு காலங்களாகப் பிரிப்பது பிரெஞ்சுத் திறனாய்வின் வழக்கம். இரண்டாம் உலகப் போருக்கு முன் இயற்கையைப் போற்றிய கவியுள்ளம் ஒன்று. போருக்குப் பின் மனிதரைக் கசப்போடு நோக்கிய கதைசொல்லி மற்றொன்று. இப்பகுப்பில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. பிற்காலப் புதினங்களில் காணும் அச்சம் முதற் புதினத்திலேயே வேர் கொண்டது என்பதும், அதை மறைத்தது 'வட்டார எழுத்தாளர்' என்னும் அடையாளமே என்பதும் இங்கு வாதிடப்பெறும். புதினத் தலைப்புகளின் தமிழாக்கம் கட்டுரையாளருடையது.

வாழ்வும் வட்டாரமும்

தென்கிழக்குப் பிரான்சில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தை ஒட்டிய மனோஸ்க் என்னும் சிற்றூரில் ழியோனோ பிறந்தார், அங்கேயே இறந்தார். தந்தை பீட்மாண்ட் வழிவந்த செருப்புத் தொழிலாளி. தாய் துணி தேய்த்துக் கொடுக்கும் தொழில் நடத்தியவர். குடும்ப வறுமையால் 1911இல், 16ஆம் வயதில், பள்ளிப் படிப்பை விட்டு வங்கியில் பணிக்குச் சேர்ந்தார். ஓமரையும் வெர்ஜிலையும் மலிவுப் பதிப்புகளில் தாமே கற்றார். முதல் உலகப் போரில் வெர்தன் போர்க்களத்தில் நின்றார்; போரின் இறுதியாண்டில் நச்சுவாயுவால் தாக்குண்டார். ஊர் திரும்பி மீண்டும் வங்கியில் அமர்ந்தவர், 1929இல் 'குன்று' வெளிவந்து புகழ் பெற்ற பின்னரே எழுத்தை முழுநேரத் தொழிலாகக் கொண்டார்.

அவர் பிறந்த புரோவான்ஸ் நிலத்துக்கு அவருக்கு முன்பே ஓர் இலக்கிய முகம் இருந்தது. புரோவான்சு மொழியில் எழுதி 1904இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிரெதெரிக் மிஸ்திராலும், அவர் முன்னின்று நடத்திய பெலிபிரீழ் மொழி இயக்கமும் அளித்த முகம் அது. ழியோனோ அவ்வியக்கத்திலிருந்து விலகி நின்றார், பிரெஞ்சிலேயே எழுதினார். கடலும் ஒலிவமும் சூழ்ந்த தாழ்நிலத்தை விட்டு, லூர் மலையைச் சுற்றிய காற்றும் கல்லும் நிறைந்த மேட்டுநிலத்தைத் தம் களமாகக் கொண்டார். அங்கும் உண்மை ஊர்ப் பெயர்களோடு கற்பனை ஊர்களைக் கலந்தார். லூர் மலையும் பனோன் சந்தையும் மெய்; ஒபிஞான் என்னும் ஊர் புனைவு. ஆகவே அவர் காட்டும் வட்டாரத்தை அப்பகுதியின் ஆவணமாகக் கொள்ளவியலாது.

குன்றின் சினம்

'குன்று' புதினத்தின் களம் நான்கு வீடுகள் மட்டுமே கொண்ட ஒரு குக்கிராமம். மக்கள் பன்னிருவர், பேச்சு வாராத காகூ என்பவனைச் சேர்த்தால் பதின்மூவர். நோயுற்றுப் படுக்கையில் கிடக்கும் ழானே என்னும் முதியவர் ஓயாது பிதற்றுகிறார். கோந்திரான் என்பவன் தன் நிலத்தைக் கொத்தும்போது ஒரு பல்லியை மண்வெட்டியால் நசுக்குகிறான். மறுகணமே, தான் வெட்டும் மரத்திலும் கிளறும் மண்ணிலும் வலி இருக்குமோ என்ற திகில் அவனைப் பற்றுகிறது. பின்னர் ஊரின் ஒரே நீரூற்று வற்றுகிறது. ஒரு குழந்தை நோயுறுகிறது. காட்டுத்தீ குன்றைச் சூழ்கிறது; காகூ அதில் மடிகிறான்.

தமிழ்த் திணைமரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். 'குன்று' புதினத்தில் இவ்வெல்லை கலங்குகிறது. நிலமே சினம் கொள்கிறது, நிலமே பழிவாங்குகிறது என்று ஊரார் நம்பத் தொடங்குகின்றனர். ஆனால் குன்றைத் தண்டிக்க எவராலும் இயலாது. ஆகவே குன்றின் மொழி அறிந்தவர் என்று தாங்கள் கருதும் கிழவர் ழானேயின்மீது பழி விழுகிறது. அவரைக் கொன்றால் ஊர் பிழைக்கும் என்று முடிவெடுக்கின்றனர். அவர்கள் கை நீளும் முன் அவர் இறந்துபோகிறார்; ஊற்றில் மீண்டும் நீர் வருகிறது. அது தற்செயலா, அன்றி அவர்கள் நம்பியது உண்மையா என்று ஆசிரியர் கூறுவதில்லை. சுட்டுக் கொன்ற காட்டுப்பன்றியின் குருதி சொட்டும் தோலைக் காட்டிக் கதை முடிகிறது. மண்ணோடு ஒன்றி வாழும் நல்லவர்கள், ஒரு நோயாளியைக் கொல்லத் துணிந்தவர்களாகவே நம் நினைவில் எஞ்சுகின்றனர்.

மறுதளிர்ப்பும் மண்வழிபாடும்

ழியோனோவுக்குப் பெரும் வாசகர் கூட்டத்தை ஈட்டித் தந்தவற்றுள் 'மறுதளிர்ப்பு' (1930) முதன்மையானது. ஆளற்றுப்போன ஒபிஞானில் தனித்து வாழும் பான்த்துர்ல், ஆர்சூல் என்னும் பெண்ணின் துணையால் மீண்டும் உழுது கோதுமை விளைக்கிறான், அவள் கருவுறுகிறாள், ஊர் உயிர்பெறுகிறது. 1937இல் மார்செல் பாஞோல் இதைத் திரைப்படமாக்கினார். இப்புதினத்தின் நம்பிக்கையே ழியோனோவை ஒரு வழிகாட்டியாக மாற்றியது. 1935 முதல் 1939 வரை லூர் மலைப்பகுதியின் கோந்ததூரில் இளைஞர்கள் அவரைச் சூழ்ந்து கூடினர். இயந்திர நாகரிகமும் போரும் வேண்டா என்றனர். உழவர்க்கு எழுதிய நீண்ட கடித நூலில் (1938) எளிய வாழ்வையும் அமைதியையும் அவர் வற்புறுத்தினார்.

இங்கே ஓர் இடர் தோன்றுகிறது. புதின ஆசிரியர் அறிந்திருந்த மண்ணின் கொடுமையைக் கட்டுரையாளர் மறந்துவிடுகிறார். 1940இல் அமைந்த விஷி அரசு 'மண்ணுக்குத் திரும்புக' என்பதைத் தன் கொள்கையாக்கியபோது, ழியோனோவின் சொற்கள் அதற்கு ஏற்ற சரக்காயின. அவர் அக்கொள்கையின் ஊழியர் அல்லர். தேடப்பட்டோர் சிலர்க்கு அடைக்கலம் அளித்தவர். ஆயினும் செருமானியருக்கு இணக்கமான 'லா ழெர்ப்' இதழில் அவரது புதினம் ஒன்று தொடராக வெளிவந்தது. அதைச் சிறு பிழை என்று தள்ளுதல் நேர்மையாகாது.

அவர் இருமுறை சிறைப்பட்டார். 1939இல் போரெதிர்ப்புக்காக மார்செய் கோட்டையில். 1944இல், நாடு விடுதலை பெற்றபின், பகைவர்க்கு உடந்தை என்னும் ஐயத்தால். இரண்டாம் முறை வழக்கு எதுவும் தொடரப்படாமலே 1945இல் விடுவிக்கப்பட்டார். எனினும் எழுத்தாளர் குழுவின் தடைப்பட்டியலில் பெயர் இடம்பெற்றதால் சில ஆண்டுகள் நூல் வெளியிட இயலாது தவித்தார்.

கூரைமேல் அயலான்

இதன்பின் வந்த புதினங்களில் நிலம் அதே நிலம், ஒளி வேறு. 'கேளிக்கையற்ற அரசன்' (1947) பனி மூடிய ஒரு மலையூரில் நிகழ்கிறது. ஊரார் ஒருவர்பின் ஒருவராக மறைகின்றனர். அவர்தம் உடல்கள் பேரழகு வாய்ந்த ஒரு பீச் மரத்தின் கிளைகளிடையே கிடக்கின்றன. கொலையாளியை வேட்டையாடும் காவல் அதிகாரி லாங்லுவா, இறுதியில் அதே வெறுமை தன்னுள்ளும் இருப்பதை உணர்ந்து உயிரை மாய்த்துக்கொள்கிறார். மரத்தின் அழகு எவரையும் காக்கவில்லை.

'கூரைமேல் குதிரைவீரன்' (1951) 1832ஆம் ஆண்டின் வாந்திபேதிக் கொள்ளைநோயைக் களமாகக் கொண்டது. பீட்மாண்ட் நாட்டுப் படைத்தலைவன் ஆஞ்செலோ புரோவான்சைக் கடந்து செல்கிறான். முற்காலப் புதினங்களில் பயிர் வளர்த்த கதிரவன் இங்கே பிணங்களை அழுகச் செய்கிறான். கூரையில் உறங்கும் ஆஞ்செலோவைப் பிணமென்று கருதித் தகைவிலான் குருவிகள் மொய்க்கின்றன. மனோஸ்க் நகரில், ஆசிரியரின் சொந்த ஊரிலேயே, ஊற்றுநீரில் நஞ்சு கலந்தவன் என்று குற்றஞ்சாட்டி மக்கள் அவனை அடித்துக் கொல்லத் துரத்துகின்றனர். அவன் கூரைகளின்மேல் ஏறித் தப்புகிறான்.

இரு புதினங்களையும் அருகருகே வைத்தால் ஒப்புமை தெளிவாகும். 'குன்று' காட்டுவது வற்றிய ஊற்று. இது காட்டுவது நஞ்சூட்டியதாக நம்பப்படும் ஊற்று. இரண்டிலும் ஊரார் தம் அச்சத்துக்கு ஓர் ஆளைத் தேடுகின்றனர். முன்னதில் அந்த ஆள் மண்ணை மிக நன்றாக அறிந்த முதியவர். பின்னதில் மண்ணுக்குத் தொடர்பே இல்லாத அயலான். மண்ணை அறிதலும் காப்பாகவில்லை, அறியாமையும் குற்றமாகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. 'குன்று' ஊராரின் பக்கம் நின்று சொல்லப்படுவது. அவர்களின் அச்சம் நம் அச்சமாகிறது. பிந்தைய புதினத்தில் துரத்தப்படுபவனின் கண்ணே நம் கண். ழியோனோவின் மாற்றத்தைக் கருத்து மாற்றம் என்பதைவிட, பார்க்கும் இடத்தின் மாற்றம் என்பதே பொருந்தும். அவரது சிறைவாழ்வை இதற்கு ஒரே காரணமாகக் காட்டுதல் எளிது; ஆனால் முதற் புதினத்தின் சான்று அதற்கு இடந்தரவில்லை.

முடிவுரை

இன்று உலகெங்கும் அவரை அறியச் செய்வது 'மரங்களை நட்ட மனிதர்' என்னும் சிறு படைப்பு. அமெரிக்க இதழ் ஒன்று, தாம் கண்ட மறக்கவொண்ணா மனிதர் ஒருவரைப் பற்றி எழுதுமாறு கேட்டதற்கு அவர் அளித்தது அது. நாயகன் எல்செயார் புபியே கற்பனை மாந்தன் என்று தெரிந்ததும் அவ்விதழ் அதை ஏற்கவில்லை. 1954இல் வேறோர் இதழில் அது வெளிவந்தபின், அம்முதியவர் மெய்யாக வாழ்ந்தவர் என்றே வாசகர் பலர் நம்பினர். நல்ல மண், நல்ல மனிதர் என்னும் படிமத்தின்மீது நமக்குள்ள வேட்கை எத்துணை வலியது என்பதற்கு இதுவே சான்று.

அவ்வேட்கை புலம்பெயர்ந்து வாழ்வோரிடம் இன்னும் வலியது. விட்டுவந்த மண்ணைப் பாடும் எழுத்தை நாம் ஐயமின்றி வரவேற்கிறோம். ழியோனோவைப் பயில்வது அவ்வரவேற்பைக் கைவிடச் சொல்வதாகாது. ஊற்று வற்றும் நாளில் அந்த ஊர் யாரைத் தேடும் என்ற வினாவையும் உடன் கேட்கச் செய்கிறது. மண்ணின் மணத்தோடு அவ்வினாவையும் தன்னுள் கொண்ட புதினமே வட்டார எல்லையைக் கடந்து நிற்கிறது.