ஒரு பிடி பொன்னி

இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மூக்கு அரிக்கும். பிளாஸ்டிக் மாடல் கட்டுகிற எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். இடக்கையில் விமானத்தின் ஒரு பாதி, வலக்கையில் மறுபாதி, நடுவே ஈரம் காயாத பசை. மூக்கைத் தோளில் தேய்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற நேரத்தில் இரண்டும் அரை மில்லிமீட்டர் வழுக்கியிருக்கும்.

பசை என்று சொல்கிறோமே தவிர, இந்த வேலைக்கான திரவம் பசையே இல்லை. தமியா கம்பெனியின் 'எக்ஸ்ட்ரா தின்' என்ற பச்சை மூடிக் குப்பியில் இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும், தண்ணீர்போல ஓடும். முதலில் பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் மூடியோடு வரும் தூரிகையால் இணைப்பில் ஒரு தொடு. மீதித் தூரத்தை அது தானே ஓடி நிரப்பும். பாலிஸ்டைரீன் இளகி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கலந்து, திரவம் பறந்துபோனபின் ஒரே உடம்பாக இறுகும். ஒருவகை வெல்டிங்தான். ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிட்டதுபோலத் தோன்றும். உள்ளே மறுநாள் வரைகூடக் குழைவு இருக்கும்.

ஆகவே பலசாலிக்கு இங்கே வேலையில்லை. பதமாக அழுத்தினால் இணைப்பு நெடுக மயிரிழை அளவுக்கு ஒரு வரம்பு பிதுங்கி நிற்கும். காய்ந்தபின் பிளேடால் வழித்துவிட்டால் கோடே தெரியாது. அதற்கு மேல் அழுத்தினால் பிளாஸ்டிக் அமுங்கிவிடும். என்னுடைய முதல் விமானத்தை ரப்பர் பேண்டால் நாலு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பட்டினி கிடந்தவனைப்போல இடுப்பு ஒட்டிக் கிடந்தது.

துணி காயப்போடும் கிளிப்பும் உதவும். மரக் கிளிப்பு கிடைத்தால் கம்பியைக் கழற்றி, கட்டைகளைப் புறம்மாற்றி மாட்டினால் நுனி மெலிந்து இண்டு இடுக்கிலும் நுழையும். ஆனாலும் என் ஓட்டு மாஸ்கிங் டேப்புக்குத்தான். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: இணைப்பைத் தாண்டும் இடத்தில் டேப் படியாமல் பாலம்போலத் தூக்கி நிற்க வேண்டும். படிந்தால் திரவம் டேப்புக்கு அடியில் ஊர்ந்து போய், பரவிய இடமெல்லாம் மேற்பரப்பைத் தின்றுவிடும்.

டேப்பின் அழகைப் பார்க்க வேண்டுமானால் ஸ்பிட்ஃபயர் கட்ட வேண்டும். 1940இல் இந்த விமானத்தை ஓட்டிய பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆம் அணிக்குப் பெயரே 'மதராஸ் பிரசிடென்சி' என்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் சொந்தம்கூட. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் இறக்கை நுனியிலிருந்து நுனிவரை பதினைந்தரை சென்டிமீட்டர்தான். இறக்கை உடலோடு சேருமிடத்தில், மேல்பக்கம், அநேகமாக ஒரு நகக்கீற்று இடைவெளி விழும். புட்டிக் களிம்பு வைத்து அடைக்கலாம். அது சோம்பேறி வழி. ஒரு நுனியில் டேப்பை ஒட்டி, விமானத்தின் முதுகுக்கு மேலாக இழுத்து, மறு நுனியில் ஒட்டினால் இரண்டு இறக்கையும் மெல்ல மேலே எழும். இடைவெளி கண்ணெதிரே மூடும். அப்போது தூரிகையால் ஒரு தொடு. அசல் விமானத்தின் இறக்கைகள் கிடைமட்டத்திலிருந்து ஆறு டிகிரி தூக்கியிருக்கும். டேப்பை இழுக்கிற விரலுக்கு அந்த ஆறு டிகிரி தெரிந்திருக்க வேண்டும்.

கிளிப்பும் டேப்பும் எந்த ஊரிலும் உண்டு. திருச்சிப் பக்கத்து மண்ணச்சநல்லூர்க்காரனான எனக்கு மட்டும் கூடுதலாக ஒன்று இருக்கிறது: அரிசி. அரிசி மில்களுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு இது தோன்றாமல் போனால்தான் ஆச்சரியம். ஆத்தாவின் பழைய சுருக்குப்பையில் முக்கால் பாகம் அரிசியை நிரப்பி முடிந்து, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி போட்டால் போதும். எந்தக் கோணல் பாகமும் அதில் குழந்தைபோல உட்காரும். அதன் கனமே அதைப் பிடித்துக்கொள்ளும். சோதித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பச்சரிசி வேண்டாம், மாவு உதிர்ந்து ஈர இணைப்பில் ஒட்டும். புழுங்கல் பொன்னி சுத்தம். புழுங்கல் குருணை அதைவிட உத்தமம், நன்றாக வழிந்து கொடுக்கும். முழுக்க நிரப்பினால் பை கல்லாகிவிடும், கவனம்.

திருச்சி வட்டாரத்து வீட்டுத் திண்ணைகளில் செயற்கை வைரம் பட்டை தீட்டியவர்களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். குச்சி முனையில் அரக்கை இளக்கி, கடுகளவு கல்லை அதில் பதித்து, சாணைச் சக்கரத்தில் காட்டுவார்கள். வேலை முடிந்ததும் அரக்கிலிருந்து கல் பிரிந்துவிடும். அவர்களுக்கு ஒட்டுவதே பிடிப்பதற்காக; நமக்குப் பிடிப்பதே ஒட்டுவதற்காக. இரண்டிலும் கையின் நடுக்கத்தை வேறொரு பொருளிடம் ஒப்படைக்கிற தந்திரம் ஒன்றுதான்.

பிடிக்கப் பொறுமையில்லாதவர்கள் நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசைக்குப் போவார்கள். காற்றின் ஈரத்திலேயே இறுகிவிடும். 1942இல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது அகப்பட்ட வேதிப்பொருள் அது. வேடிக்கை என்னவென்றால், விமானி அறையின் தெளிவான கண்ணாடி மூடியில் அதை வைத்தால், அதன் ஆவியே மூடியைப் பனிபடர்ந்ததுபோல வெளிறச் செய்துவிடும். அதற்கெல்லாம் நம் வீட்டு ஃபெவிகால் போதும். வெள்ளையாகப் போய்க் கண்ணாடியாகக் காயும். தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம்.

இப்போது மேசையில் சுருக்குப்பைமேல் ஸ்பிட்ஃபயர் மல்லாந்து கிடக்கிறது. சக்கரக் கால்கள் இரண்டையும் சற்று முன்தான் ஒட்டினேன். நேர் எதிரில் குனிந்து பார்த்து, இடது காலை ஒரு பல்குச்சியால் இம்மியளவு வெளியே தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். காலைவரை தொடுவதாக இல்லை. மூக்கைத் தாராளமாகச் சொறியலாம். அரிக்கத்தான் மாட்டேன் என்கிறது.