சீதி ஹாமித் என்ற பொய்

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் சென்ற நோன்புக்கு முன்னர் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேஸின் 'டொன் கிஹோத்தே' நாவல் பற்றிப் பேசினேன். பேச்சு முடிந்ததும் இளம் மௌலவி ஒருவர் எழுந்தார். "சேர், அரபிகள் பொய்யர்கள் என்று எழுதியிருக்கிற புத்தகத்தை நமது பிள்ளைகளுக்கு ஏன் அறிமுகம் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. வீட்டுக்கு வந்து நூலை மீண்டும் எடுத்தேன்.

ஆசிரிய கலாசாலையில் இருந்த காலத்தில் இந்நாவலின் சிறுவர் சுருக்கம் ஒன்றையே நான் படித்திருந்தேன். காற்றாலைகளை அரக்கர்கள் என்று நம்பி ஈட்டியோடு பாய்ந்த கிழவனின் கதை அது. முழு நூலையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தபோதுதான், சுருக்கியவர் ஓர் அரபியைக் கதையிலிருந்தே அகற்றியிருந்தார் என்பது தெரிந்தது.

முதற்பாகம் 1605 இல் வெளிவந்தது. எட்டாம் அத்தியாயத்தில் இருவர் வாளை ஓங்கி நிற்கையில் கதை திடீரென்று நின்றுவிடுகிறது. மேற்கொண்டு ஏடு கிடைக்கவில்லை என்கிறார் கதைசொல்லி. அடுத்த அத்தியாயத்தில் தொலேதோ நகரச் சந்தையில் ஒரு பையன் பழைய தாள்களை விற்க வருகிறான். அவை அரபு எழுத்தில் இருக்கின்றன. அரபு தெரிந்த ஒரு மொரிஸ்கோவை, அதாவது கட்டாயத்தால் கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்த ஒருவரை, கதைசொல்லி தேடிப் பிடிக்கிறார். அவர் ஏட்டின் ஓரக்குறிப்பைப் பார்த்துச் சிரிக்கிறார். கதாநாயகி துல்சினேயா பன்றி இறைச்சிக்கு உப்பிடுவதில் கைதேர்ந்தவள் என்று அதில் எழுதியிருக்கிறதாம்! உலர்ந்த திராட்சையும் கோதுமையும் கூலியாகப் பெற்று அவர் முழுவதையும் மொழிபெயர்த்துக் கொடுக்கிறார். மூலநூலாசிரியர் சீதி ஹாமித் பெனெங்கெலி என்ற அரபு வரலாற்றாசிரியர்.

அப்படி ஒருவர் இருந்ததேயில்லை. செர்வாந்தேஸ் அறிவார், வாசகனும் அறிவான். ஆயினும் நூல் முடியும்வரை இந்தப் பொய்யை அவர் விடுவதில்லை. சீதி ஹாமித் ஓரிடத்தில் அல்லாஹ்வைப் புகழ்ந்து அத்தியாயத்தைத் தொடங்குகிறார். பிறிதோரிடத்தில் கத்தோலிக்கக் கிறிஸ்தவன் என்ற முறையில் சத்தியம் செய்கிறார். பணியாள் சாஞ்சோவோ அவருடைய பெயரைக் கத்தரிக்காயோடு குழப்புகிறான். 1614 இல் வேறொருவர் போலியான இரண்டாம் பாகத்தை வெளியிட்டபோது, அது பொய், சீதி ஹாமித்துடையதே மெய் என்று 1615 இல் வந்த தமது இரண்டாம் பாகத்தில் செர்வாந்தேஸ் சாதிக்கிறார். இல்லாத ஆளே மெய்க்குச் சாட்சி!

இனி மௌலவியின் கேள்விக்கு வருவோம். அரபிகள் பொய்யர்கள் என்று கதைசொல்லி கூறுவது உண்மை. ஆனால் அந்தப் 'பொய்யரின்' ஏட்டைத்தான் அவர் மெய்வரலாறு என்று தலையில் தூக்கி வைத்திருக்கிறார். அந்த ஏடு இல்லையென்றால் அவரிடம் எட்டு அத்தியாயங்களே மிஞ்சும். ஆகவே சிரிப்பு அரபியை நோக்கியதன்று, தன் தேவைக்கு அரபியை நம்பிக்கொண்டே அவனை இகழும் கதைசொல்லியை நோக்கியது என்பதே என் வாசிப்பு.

இந்த நகைச்சுவைக்கு அடியில் வேறொன்றும் கிடக்கிறது. மொரிஸ்கோக்கள் அரபு பேசுவதையும் எழுதுவதையும் 1567 இலேயே அரச ஆணை தடுத்திருந்தது. 1609 முதல் 1614 வரையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டனர். முதற்பாகம் வந்தபோது தொலேதோவில் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது சிரமமாயிருக்கவில்லை. இரண்டாம் பாகம் வந்தபோது அவருடைய சமூகமே அங்கில்லை. நூலுக்குள் மட்டும் அவர் தொடர்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருக்கிறார். கற்பனை அரபியை விட்டுவைத்த நாடு, உண்மை மனிதர்களைக் கப்பலேற்றிவிட்டது.

இதைச் செர்வாந்தேஸ் மறக்கவில்லை. இரண்டாம் பாகத்தின் 54 ஆம் அத்தியாயத்தில் ரிக்கோத்தே என்ற மொரிஸ்கோக் கடைக்காரர் யாத்திரிகர் வேடத்தில் திரும்பி வருகிறார். புதைத்து வைத்த பொருளை எடுத்துச் செல்ல வந்தவர் அவர். தன் அயலவன் சாஞ்சோவைக் கண்டு கட்டித் தழுவுகிறார். எங்கு போனாலும் பிறந்த மண்ணை நினைத்தே அழுகிறோம் என்கிறார். சாஞ்சோ உதவிக்கு வர மறுக்கிறான், ஆனால் காட்டிக்கொடுக்கவும் மாட்டான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த நண்பர் ஒருவருக்கு இப்பகுதியைச் சொன்னேன். "சாஞ்சோமார் எங்களுக்கும் இருந்தார்கள்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

குறையும் சொல்லவேண்டும். வெளியேற்றிய அரசன் செய்தது சரியே என்று ரிக்கோத்தேயின் வாயாலேயே செர்வாந்தேஸ் சொல்லவைக்கிறார். தணிக்கைக்குப் பயந்த தந்திரம் என்று விமர்சகர் சிலர் சமாதானம் கூறுவர். இருக்கலாம். எனினும் அந்த வரிகள் எனக்கு உறுத்துகின்றன. நூலை உயர்த்திப் பேசுவதற்காக அவற்றை மறைக்க நான் விரும்பவில்லை.

ஒரு செய்தியோடு முடிக்கிறேன். 1884 இல் ஸ்பெயினின் அல்மொனாசித் என்ற ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, போலித் தளமொன்றின் கீழ் மொரிஸ்கோக்களின் கையெழுத்துப் பிரதிகள் ஏராளமாக வெளிப்பட்டன. அவற்றுட் பல, ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதியவை. அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பெட்டிக்குள் வைத்துக் கறையானுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. செர்வாந்தேஸ் விளையாட்டாகச் சொன்ன அந்த ஏடு, வேறு உருவில் உண்மையாகவே தரைக்கடியில் இருந்திருக்கிறது.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அந்த அரபி உண்மையாகவே இருந்தாரா?" இல்லை என்று சொன்னேன். ஆனால் அவரைப் போல் எழுதியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மௌலவிக்கும் என் பதில் இதுவே.