ஒரே ரேகை, ஒரே தொற்றா?

இரண்டு நோயாளிகளின் சளியில் வளர்ந்த காசநோய்க் கிருமிகள் ஒரே திரிபைச் சேர்ந்தவையா? ஆம் என்றால் தொற்று அண்மையில் பரவியிருக்கக்கூடும். அந்தப் பகுதியில் தடுப்புப் பணியை முடுக்க வேண்டும். இல்லை என்றால், பல ஆண்டுகளாக உடலில் உறங்கிக் கிடந்த பழைய தொற்று இப்போது தலைதூக்கியிருக்கலாம். இதைப் பிரித்தறியத்தான் மரபணு வகைப்படுத்தல். அதன் பயன் பெரிது. ஆனால் எந்த முறையையும் நம் மண்ணின் கிருமியிடம் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

1993இல் உலகுக்கெல்லாம் பொதுவான முறையாக வகுக்கப்பட்டது ஐ.எஸ்.6110 ரேகை. கிருமியின் மரபணுத் தொகுதியில் இடம்விட்டு இடம் தாவும் ஒரு சிறு துண்டு, எத்தனை பிரதிகளாக, எங்கெங்கே இருக்கிறது என்பதை அது பட்டைகளாகக் காட்டும். சான் பிரான்சிஸ்கோவின் காசநோயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அண்மைத் தொற்றால் வந்தது என்று 1994இல் நிறுவியது இந்த முறைதான். ஏறக்குறைய எல்லாமே பழைய தொற்று என்று அதுவரை நம்பியிருந்தார்கள்.

அதே முறை தென்னிந்தியாவில் தடுமாறியது. சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையம் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆராய்ந்த கிருமிகளில் ஐந்தில் இரண்டு பங்கை ஒட்டியவற்றில் அந்தத் துண்டு ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. ஒற்றைப் பட்டையைக் கொண்டு உறவு சொல்ல முடியாது. தொடர்பே இல்லாத நோயாளிகளும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டுவிடுவார்கள். போதிய டிஎன்ஏ கிடைக்கக் கிருமியை வாரக்கணக்கில் வளர்க்கவும் வேண்டும்.

ஸ்பாலிகோடைப்பிங் இந்தக் காத்திருப்பைக் குறைத்தது. பிசிஆர் முடிந்ததும் ஒரு சவ்வின் மேல் 43 இடங்களில் கறுப்புப் புள்ளிகள் விழும், அல்லது விழாமல் போகும். 29 முதல் 32 வரையும் 34இலும் புள்ளி இல்லாமல் 33இல் மட்டும் இருந்தால், அது தென்னிந்தியாவில் பரவலாக உள்ள முதல் மரபுவழிக் கிருமி. குடும்பத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் முறை, குடும்பத்துக்குள் யார் யார் என்று கேட்டால் கைவிரித்துவிடும்; அது பார்ப்பது மரபணுத் தொகுதியின் ஒரே ஒரு பகுதியைத்தான். 24 இடங்களில் மீள்தொடர்களை எண்ணும் மைரு-விஎன்டிஆர் இதைவிடக் கூர்மையானது. முடிவு எண்களாக வருவதால் ஓர் ஆய்வகம் மற்றதோடு எளிதாக ஒப்பிடலாம்.

முழு மரபணு வரிசையோ ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகளைப் படிக்கிறது. மருந்து எதிர்ப்பையும் சேர்த்தே காட்டுகிறது. இன்றைக்கு இதைவிட நுட்பமான கருவி இல்லை. ஆயினும், வேறுபாடு 5 எழுத்துக்குள் இருந்தால் அண்மைத் தொற்று, 12ஐத் தாண்டினால் தொடர்பு ஐயம் என்ற வரம்பு 2013இல் இங்கிலாந்து ஆய்வு தந்தது. அங்கே காசநோய் குறைவு. ஒப்பீட்டுக்கு வழக்கமாக வைக்கும் எச்37ஆர்வி கிருமியும் இங்கே பரவலான முதல் மரபுவழியை அல்ல, நான்காம் மரபுவழியைச் சேர்ந்தது. மீள்தொடர் நிறைந்த பகுதிகளைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதுமில்லை. நோயாளிகள் பலர் கண்டறியப்படாமலே போகும் நம் ஊர்களில், ஜோடி கிடைக்காத கிருமியைப் பழைய தொற்று என்று முடிவுகட்டுவது தவறு.

நமக்கேற்ற வரம்பை வகுக்கும் வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. 2015இல் தொடங்கிய திருப்பதி ஐஐடி, ஐசர் ஆகிய இரு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஏர்பேட்டில்தான் நிரந்தர வளாகம். அங்கிருந்து ரேணிகுண்டா, புத்தூர், நகரி தாண்டினால் திருத்தணி, பிறகு திருவள்ளூர். 1960 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்தது. பிழைப்புக்கும் கோயிலுக்கும் மக்கள் இன்றும் இருபுறமும் போய்வருகிறார்கள். காசநோய்ப் பணி மட்டும் மாநிலவாரியாக நடக்கிறது. கணினியியலும் உயிரியலும் அருகருகே உள்ள ஏர்பேடு, சேத்துப்பட்டோடு கைகோத்து இரு மாநில மாதிரிகளையும் சேர்த்துப் படித்தால், நம் கிருமிக்கான வரம்பை நாமே வகுக்கலாம்.

அதுவரை மலிவான முறையால் குடும்பத்தைப் பிரித்து, ஐயமுள்ளவற்றுக்கு மட்டும் முழு வரிசை பார்ப்பதே நம் வசதிக்கு ஏற்ற வழி. எந்த முறையில் கிடைத்த முடிவு, எவ்வளவு உறுதி என்பதை அறிக்கையில் எழுதியாக வேண்டும். இரு கிருமிகள் ஒத்திருப்பது யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதற்குச் சான்றாகாது. அதை வைத்து ஒரு வீட்டின் மேல் பழி விழ விடக்கூடாது.