யோபின் பொறுமை: துன்பத்தின் பயன் கூறும் விவிலியத் தமிழ்ச் சொற்கள்

1. முன்னுரை

திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நீலகண்டன் என்பார் 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்குமுன் அவர்தம் குடும்பம் பொருளிழப்பால் நலிவுற்றிருந்தது என்றும், 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மார்த்தாண்டவர்மரின் படையில் உயர்பொறுப்பு ஏற்ற தெ லனோய் அவருக்கு யோபின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்றும் அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. 1749இல் சிறைப்பட்டு, 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட அவர், 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பெற்றார்.

இழப்பில் வாடிய ஒருவருக்குச் சொல்லப்பட்ட கதை என்ற நிலையில் யோபு நூல் மொழிபெயர்ப்பாளர் முன் ஒரு வினாவை வைக்கின்றது. அந்நூலில் யோபு இரு நிலைகளில் காட்சியளிக்கிறார். முதலிரண்டு அதிகாரங்களில் மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்தும் முறையிடாதவராக இருக்கிறார். மூன்றாம் அதிகாரம் தொடங்கித் தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார், நண்பர்களை மறுக்கிறார், இறைவனையே வழக்குக்கு அழைக்கிறார். தமிழ்க் கிறித்தவர் வழக்கில் 'யோபின் பொறுமை' என்னும் தொடர் பழமொழி போல் நிலைபெற்றுள்ளது. துன்பத்தில் இருப்பவரிடம் அத்தொடரைக் கூறும்போது முதல் யோபு மட்டுமே நினைவுகூரப்படுகிறார். நூலின் பெரும்பகுதியை நிறைக்கும் இரண்டாம் யோபு மறைந்துபோவதற்குச் சொல்தேர்வும் ஒரு காரணம் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1871இல் முழுமையாக வெளிவந்ததும் பவர் குழுவினரால் செய்யப்பட்டதுமான ஐக்கியத் திருப்புதலும், கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியமும் இங்கு ஒப்பிடப்படுகின்றன.

2. பொறுமை: ஒரு சொல், இரு கருத்துகள்

'யோபின் பொறுமை' என்னும் தொடர் யோபு நூலிலிருந்து வந்ததன்று. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு திருமுகம் 5:11இலிருந்து வந்தது. அங்குள்ள கிரேக்கச் சொல் 'ஹுப்பொமொனே'. 'கீழ்' என்னும் பொருளுடைய முன்னொட்டும் 'தங்கு, நிலைத்திரு' என்னும் பொருளுடைய வினையும் சேர்ந்து அமைந்தது அது. சுமையின்கீழ் நகராது நிற்றல் என்று அதனை விளக்கலாம். அதே பகுதியில், 5:7 முதல் 5:10 வரை, வேறொரு சொல்லும் அதன் வினை வடிவமும் வருகின்றன. அச்சொல் 'மக்ரொதூமியா'. சினம் எழுவதற்கு நெடுநேரம் கொள்ளும் மனநிலை என்பது அதன் அடிப்படைப் பொருள். பிறர் செய்யும் தீங்கை எளிதில் சினவாது ஏற்பதற்கு இச்சொல் பெரிதும் பொருந்தும்.

ஐக்கியத் திருப்புதல் முன்னதைப் 'பொறுமை' என்றும் பின்னதை 'நீடிய பொறுமை' என்றும் பெயர்த்தது. கிரேக்கத்தில் வேர் வேறான இரு சொற்கள் தமிழில் அடைமொழியால் மட்டும் வேறுபடும் ஒரே சொல்லாயின. அவ்வடைமொழியும் கால அளவையே குறிக்கிறது. கருத்து வேறுபாட்டைக் குறிக்கவில்லை.

தமிழ் மரபில் 'பொறுமை' ஏற்கனவே ஒரு தெளிவான இடத்தைப் பெற்றிருந்த சொல். திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம் பிறர் இழைக்கும் குற்றத்தைத் தாங்குதலைப் பற்றியது. தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தை அது முதற்கண் உவமையாகக் காட்டுகிறது. ஆகவே தமிழ்ப் படிப்பாளர் 'பொறுமை' என்றவுடன் எதிர்த்துப் பேசாமையை முதலில் உணர்கிறார். அவ்வுணர்வோடு யோபு நூலைத் திறந்தால் மூன்றாம் அதிகாரம் முதல் அவர் திகைக்க நேரும். சினவாதவர் என்ற பொருளில் யோபு பொறுமையுடையவர் அல்லர். ஆனால் விலகாதவர் என்ற பொருளில் அவர் 'ஹுப்பொமொனே' உடையவர். அவர் வழக்காடுவது உறவை முறித்துக்கொள்வதற்கன்று. உறவு உண்டு என்ற உறுதியினாலேயே வழக்காடுகிறார்.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1611ஆம் ஆண்டு ஆங்கிலத் திருப்புதலும் பொறுமையைக் குறிக்கும் சொல்லையே இவ்விடத்தில் ஆண்டது. இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலத் திருப்புதல்கள் பல அதனை விட்டு உறுதிநிலை, விடாமுயற்சி என்னும் பொருளுடைய சொற்களுக்கு மாறின.

3. உரோமையர் 5:3-4: சொற்சங்கிலியும் தொடரமைப்பும்

துன்பம் மனிதரில் எதை விளைவிக்கிறது என்பதை மிகச் சுருக்கமாகக் கூறும் பகுதி உரோமையர் திருமுகம் 5:3-4. நான்கு பெயர்ச்சொற்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்ட இடம் அது. 'த்லிப்சிஸ்', 'ஹுப்பொமொனே', 'தொகிமே', 'எல்பிஸ்' என்பன அவை. ஐக்கியத் திருப்புதலில் இவை முறையே உபத்திரவம், பொறுமை, பரீட்சை, நம்பிக்கை எனவும், திருவிவிலியத்தில் துன்பம், மனவுறுதி, தகைமை, எதிர்நோக்கு எனவும் அமைகின்றன. நான்கில் ஒன்றுகூடப் பொதுவாக இல்லை என்பது நோக்கத்தக்கது.

'த்லிப்சிஸ்' என்பதன் அடிப்பொருள் அழுத்துதல், நெருக்குதல். 'உபத்திரவம்' வடமொழியில் தாக்குதல், பேரிடர் என்னும் வன்மையான பொருளுடையது. ஆனால் இக்காலப் பேச்சில் அது தொல்லை என்ற அளவிற்கு மெலிந்துவிட்டது. உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாதிருக்க வேண்டும் என்னும் வழக்கில் அம்மெலிவைக் காணலாம். 'துன்பம்' பொருளால் விரிந்தது; எனினும் நெருக்குதல் என்ற உருவகம் அதில் இல்லை. 'நெருக்கடி' போன்ற சொல்லில் அவ்வுருவகம் உயிரோடு இருக்கிறது என்பதைப் பின்வரும் மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கொள்ளலாம்.

'தொகிமே' சோதிக்கப்படுதலையும் சோதனையில் தேறிய நிலையையும் ஒருங்கே குறிக்கவல்லது. 'பரீட்சை' நிகழ்வை மட்டும் தருகிறது. 'தகைமை' விளைவை மட்டும் தருகிறது. பொறுமை பரீட்சையை உண்டாக்குகிறது என்பது இன்றைய படிப்பாளருக்கு, துன்பத்தைத் தாங்கியவருக்கு மீண்டும் ஒரு தேர்வு வைக்கப்படுவது போல் தோன்றக்கூடும். இவ்விடத்தில் 'தகைமை' பொருத்தமானதே. ஈழத்தமிழில் கல்வித் தகைமை என்னும் வழக்கு இருப்பதால், தேர்ந்து ஏற்கப்பட்ட நிலை என்ற மூலக்கருத்து அங்குள்ள படிப்பாளருக்கு மேலும் எளிதில் விளங்கும்.

நான்காம் சொல் வேறொரு சிக்கலைத் தருகிறது. பழைய திருப்புதலில் 'விசுவாசம்' ஒன்று, 'நம்பிக்கை' வேறொன்று. புதிய மொழிபெயர்ப்பில் முன்னைய 'விசுவாசம்' இருந்த இடத்தில் 'நம்பிக்கை' வந்தது. 'நம்பிக்கை' இருந்த இடத்தில் 'எதிர்நோக்கு' வந்தது. இரு நூல்களையும் பயன்படுத்தும் குடும்பங்களில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் இரு இறையியல் கருத்துகளைச் சுட்டும் நிலை இதனால் ஏற்பட்டுள்ளது.

சொற்களினும் தொடரமைப்பின் வேறுபாடு ஆழமானது. ஐக்கியத் திருப்புதல் கிரேக்கத் தொடரை ஒட்டி உபத்திரவத்தை எழுவாயாக்கி, 'உண்டாக்கு' என்னும் பிறவினையைப் பயனிலையாக்குகிறது. அங்குத் துன்பமே செய்பொருளை ஆக்கும் வினைமுதல். திருவிவிலியம் துன்பத்தை 'ஆல்' உருபேற்ற ஏதுவாக்கி, 'விளை' என்னும் தன்வினையைப் பயன்படுத்துகிறது. விளைவதற்கு நிலமும் நீரும் உழவும் வேண்டும். காரணம் ஒன்று மட்டும் போதாது. துன்பம் தானாகவே ஒருவரை உயர்த்திவிடும் என்ற கருத்திற்கு முன்னைய அமைப்பு இடமளிக்கிறது. துன்பத்தால் சிதைந்தவர்களும் உலகில் உண்டு என்ற உண்மைக்குப் பின்னைய அமைப்பு இடம்விடுகிறது.

இரண்டு மொழிபெயர்ப்புகளும் ஒரு செய்தியில் ஒத்திருக்கின்றன. இரண்டிலும் நான்காம் வேற்றுமைக்குரிய பொருட்டுப்பொருள் இல்லை. மனவுறுதியின் பொருட்டுத் துன்பம் அனுப்பப்பட்டது என்று அப்பகுதி கூறவில்லை. துன்பத்திலிருந்து மனவுறுதி தோன்றுகிறது என்றே கூறுகிறது. நோக்கம் வேறு, பயன் வேறு. ஆறுதல் கூறுவோர் பயனைக் கூறும் தொடரை நோக்கத்தைக் கூறும் தொடராக மாற்றிவிடும்போது, குழந்தையை இழந்த தாயிடம் அவளுடைய வளர்ச்சிக்காகவே அது நிகழ்ந்தது என்று சொல்லும் நிலை உருவாகிறது. மூலத்தின் இலக்கணம் அதற்குத் துணைநிற்கவில்லை.

4. சிட்சை: கல்வியிலிருந்து தண்டனைக்கு

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். எபிரேயர் திருமுகம் 12ஆம் அதிகாரம் துன்பத்தைத் தந்தை மகனுக்குத் தரும் பயிற்சியாகக் காட்டுகிறது. அங்கு நோக்கம் வெளிப்படையானது. இது உண்மையே. ஆயினும் அங்குள்ள கிரேக்கச் சொல்லாகிய 'பைதெயா' குழந்தையை வளர்த்து ஆளாக்கும் முழுக்கல்வியையும் குறிப்பது. ஐக்கியத் திருப்புதல் அதனைச் 'சிட்சை' என்றது. வடமொழியில் 'சிட்சா' கற்றலைக் குறிக்கும். இந்தியில் இன்றும் கல்வி என்பதே அதன் பொருள். தமிழில் அது தண்டனையாகக் குறுகியது.

மலையாளத்தோடு ஒப்பிடுவது இங்குப் பயன்தரும். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி செல்லும் வழியிலுள்ள கல்லாறு என்னும் ஊர்ப்பெயரைத் தமிழரும் மலையாளிகளும் ஒரே பொருளில் உணர்வர். கல்லும் ஆறும் இரு மொழிக்கும் பொது. 'பாடு' என்பது வருத்தத்தைக் குறிப்பதும் இரு மொழிக்கும் பொது. ஆனால் விவிலியக் கலைச்சொற்களில் இரு மொழிகளும் வெவ்வேறு வழிகளில் சென்றுள்ளன. 1910ஆம் ஆண்டு மலையாள மொழிபெயர்ப்பு உரோமையர் பகுதியில் கஷ்டத, சகிஷ்ணுத, சித்தத, பிரத்யாச என்னும் சொற்களை ஆள்கிறது. 'சித்தத' கைகூடிய நிலையைக் குறிப்பதால் 'பரீட்சை'யினும் 'தகைமை'க்கு அணுக்கமானது. எபிரேயர் பகுதியில் அது 'பாலசிக்ஷ' என்கிறது. மலையாளத்திலும் 'சிக்ஷ' தனித்து நின்றால் தண்டனையே. ஆனால் 'பால' என்னும் முன்சொல் குழந்தைக் கல்வி என்ற பொருளை மீட்டுத் தருகிறது. தமிழ்ச் 'சிட்சை'க்கு அத்தகைய காப்பு இல்லை.

இதன் விளைவு யோபு நூலிலும் தெரிகிறது. ஐந்தாம் அதிகாரத்தில் யோபின் துன்பத்தை இறைவனின் சிட்சை என்று விளக்குபவர் அவருடைய நண்பர் எலிப்பாசு. நூலின் இறுதியில் 42:7இல் நண்பர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்றும் யோபே சரியாகப் பேசினார் என்றும் இறைவன் தீர்ப்பளிக்கிறார். யோபின் துன்பத்திற்குச் 'சிட்சை' என்னும் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் வழக்கில் தோற்ற தரப்பினர் என்பதை அச்சொல்லை ஆறுதலாக எடுத்தாள்வோர் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

5. பொன்னும் தீயும்

தீயில் புடமிடப்படும் பொன் என்னும் உவமை யோபு 23:10இலும் பேதுருவின் முதல் திருமுகத்திலும் வருகிறது. இவ்வுவமை தமிழருக்குப் புதியதன்று. திருக்குறளின் தவம் அதிகாரத்தில் 267ஆம் குறள் இதனையே ஆள்கிறது. இவ்வொற்றுமை விவிலியத் தமிழைத் தமிழ் மனத்திற்கு அணுக்கமாக்கியது. எனினும் ஒரு வேறுபாடு கவனிக்கப்படவேண்டும். தவம் செய்வார் துன்பத்தைத் தாமே மேற்கொள்கின்றனர். யோபு தம் துன்பத்தை மேற்கொள்ளவில்லை. அது அவர்மேல் வந்தது. ஏற்கப்பட்ட நோன்பின் மொழியை ஏற்கப்படாத இழப்புக்குப் பயன்படுத்தும்போது, துன்புறுவாரிடம் தவத்தாரின் அமைதியை எதிர்பார்க்கும் தவறு நேர்கிறது.

அவ்வாறாயின் யோபு நூலில் வளர்ச்சியே இல்லையா? உண்டு. செவியால் மட்டும் அறிந்திருந்த இறைவனைத் தாம் இப்போது கண்ணால் காண்பதாக யோபு 42:5இல் கூறுகிறார். தம்மைக் குற்றஞ்சாட்டிய நண்பர்களுக்காக 42:10இல் மன்றாடுகிறார். 42:15இல் புதல்வியருக்கும் புதல்வரோடு உரிமைப்பங்கு அளிக்கிறார். பார்வை, பரிவு, நீதி ஆகிய மூன்றிலும் அவர் வளர்ந்திருக்கிறார். ஆனால் தம் துன்பத்திற்குரிய காரணம் இறுதிவரை அவருக்குச் சொல்லப்படவில்லை. காரணம் அறியாமலே பயன் விளையக்கூடும் என்பதே அந்நூல் தரும் கிறித்தவப் பார்வையின் வன்மை.

6. முடிவுரை

பழைய திருப்புதலின் சொற்கள் ஒன்றரை நூற்றாண்டு வழிபாட்டில் பதிந்தவை. மக்கள் நாவில் வாழ்பவை. அவற்றைக் குறைகூறி ஒதுக்குவது இக்கட்டுரையின் கருத்தன்று. 'மனவுறுதி'யிலும் ஓர் இழப்பு உண்டு. 'பொறு' என்னும் வேரில் சுமத்தல் என்ற பொருள் உள்ளது. 'பொறை' என்பது பாரத்தையும் குறிக்கும். 'மனவுறுதி' அப்பாரத்தை இறக்கி வைத்துவிடுகிறது. துன்பம் மனத்துக்குள் மட்டும் நிகழ்வது போன்ற தோற்றத்தைத் தருகிறது. பாரத்தையும் நிலைபேற்றையும் ஒருங்கே தரும் சொல்லைத் தேடும் பணி இன்னும் முடியவில்லை. அதுவரை, யாக்கோபு 5:11இன் அடிக்குறிப்பில் இப்பொறுமை வாய்மூடி இருத்தல் அன்று, விலகாது நிற்றல் என விளக்குவதும், யோபு நூலின் முன்னுரையில் மூன்றாம் அதிகாரத்தின் முறையீட்டை மீறலாகக் காட்டாதிருப்பதும் பதிப்பாசிரியர்கள் செய்யக்கூடியவை.

தேவசகாயம் என்னும் பெயரும் ஒரு மொழிபெயர்ப்பே. எபிரேய 'எலெயாசர்' என்பதன் வழிவந்த 'இலாசர்' என்னும் பெயருக்குக் கடவுள் உதவினார் என்பது பொருள். அதனைத் தமிழில் ஆக்கியோர் தேர்ந்த 'சகாயம்' வடமொழியில் உடன்செல்வோரைக் குறிக்கும் சொல்லிலிருந்து உதவி என்ற பொருள் பெற்றது. யோபின் நண்பர்களும் விளக்கம் கூறத் தொடங்குமுன் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாது அமர்ந்திருந்தனர் என்று 2:13 கூறுகிறது. அவர்கள் சரியாகச் செய்தது அதுவொன்றே. துன்புறுவாருக்கான சொற்களை ஆராய்வோர் அவ்வேழு நாளையும் கணக்கில் கொள்ளவேண்டும்.