எல்லிஸ் மார்சாலிஸின் வெள்ளிக்கிழமைகள்

ஜாஸில் பேர் வாங்க நியூயார்க் போக வேண்டும் என்பார்கள். பியானோ கலைஞர் எல்லிஸ் மார்சாலிஸோ வாழ்வின் பெரும்பகுதியைச் சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸிலேயே கழித்தார். ஃபிரெஞ்ச்மென் தெருவின் ஸ்னக் ஹார்பர் கிளப்பில் பல ஆண்டுகள் வெள்ளி இரவுகள் அவருடையவையாக இருந்தன. 1974 முதல் அவ்வூரின் அரசு கலைப்பள்ளியில் ஜாஸ் ஆசிரியராக இருந்தார். ஹாரி கானிக் ஜூனியர், டெரன்ஸ் பிளான்சார்ட், சொந்தப் பிள்ளைகள் விண்டன், பிரான்ஃபோர்ட் எல்லாம் அவரிடம் படித்தவர்கள்.

ஆனால், மாணவர் பட்டியலிலேயே நின்றுவிடுகிறோம், வாசிப்பைக் கேட்பதில்லை. ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் பாடல்களைத் தனியாக வாசித்த 'டியூக் இன் ப்ளூ' ஆல்பத்தில் விரல்களுக்கு அவசரமே இல்லை. மெட்டை மறைக்காமல் வாசிக்கிறார். ஒரு ஸ்வரம் அடங்க இடம் விட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறார். வித்தை காட்டத் தெரிந்தும் காட்டாத கை அது.

2020 ஏப்ரல் 1 அன்று கொரோனா அவரைக் கொண்டுபோனது. அந்த ஆல்பத்தை ஒருமுறை முழுசாகக் கேளுங்கள்.